மூணு மணி சீட்டும் ஒரு நிமிட ஆட்டமும்

கம்பம், கூடலூர், போடி பக்கம் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பழகியவர்களுக்கு மதியம் மூணு மணி என்றால் என்ன என்று சொல்ல வேண்டியதில்லை. கேரள லாட்டரி குலுக்கல் நேரம். குமுளியிலோ கம்பம்மெட்டிலோ வாங்கிய சீட்டைச் சட்டைப் பையிலிருந்து எடுப்பார்கள். போனில் ரிசல்ட் பார்ப்பார்கள். "போச்சுப்பா" என்று கசக்கி எறிந்துவிட்டு, மிச்ச டீயைக் குடித்துவிட்டு வேலைக்குக் கிளம்பிவிடுவார்கள். அதே பெஞ்சில் இன்னொருவர் இருப்பார். போனைக் கீழே வைக்கவே மாட்டார். அவருக்கு ரிசல்ட் நிமிடத்துக்கு ஒரு தடவை வருகிறது.

ரெண்டுமே சூதாட்டம்தான். ரெண்டிலுமே காசு போகிறது. ஆனால் வீட்டு நகை அடகுக்குப் போகிற அளவுக்கு, பிள்ளையின் காலேஜ் பீஸ் காணாமல் போகிற அளவுக்கு முற்றுவது ரெண்டிலும் ஒரே வேகத்தில் நடப்பதில்லை. ஏன் என்று தெரிந்துகொண்டால், உங்கள் வீட்டில் ஒருவர் எந்த இடத்தில் நிற்கிறார் என்பதைக் கொஞ்சம் முன்னாடியே கண்டுபிடித்துவிடலாம். "நான் கொஞ்சமாத்தான் ஆடுறேன்" என்று நினைப்பவர்களும் தங்கள் கணக்கைப் பார்த்துக்கொள்ளலாம்.

முதலில் ஒரு சின்ன குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். நம்ம ஊரில் "சீட்டு" என்ற ஒரே வார்த்தைக்கு மூணு அர்த்தம் இருக்கிறது. "சீட்டு கட்டுறேன்" என்றால் ஏலச்சீட்டு, அது சேமிப்பு. "சீட்டு எடுத்தேன்" என்றால் லாட்டரி. "சீட்டு விளையாடப் போனான்" என்றால் தோப்புக்குள் வெட்டுச்சீட்டு, ரம்மி. வீட்டுக்காரர் "சீட்டுக்குக் கொடுத்துட்டேன்" என்று சொன்னால், எந்தச் சீட்டு என்று நிதானமாகக் கேளுங்கள். நிறைய வீடுகளில் முதல் பொய் இந்த வார்த்தைக்குள்தான் ஒளிந்திருக்கிறது.

எப்போது அது நோய்?

எப்போதாவது ஒரு பம்பர் சீட்டு வாங்குகிற எல்லோரையும் நோயாளி என்று மருத்துவம் சொல்வதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில், 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த 11-ஆவது பதிப்பில், சூதாட்டக் கோளாறு அடிமைப் பழக்கங்களின் வரிசையில் இடம்பெற்றிருக்கிறது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கமும் 2013-இல் இதை மது, போதைப்பொருள் அடிமைத்தனம் இருக்கும் அதே அத்தியாயத்துக்கு மாற்றியது. உடம்புக்குள் எந்தப் பொருளும் போகாமலே அடிமையாக முடியும் என்று மருத்துவ உலகம் ஒப்புக்கொண்டதற்கு இது அடையாளம்.

மருத்துவர்கள் பார்ப்பது இதுதான். ஆட்டத்தை நிறுத்த நினைத்தும் முடியவில்லையா? மற்ற வேலை, சாப்பாடு, குடும்பம் எல்லாம் பின்னால் போய் ஆட்டம் முன்னால் வந்துவிட்டதா? கெடுதல் நடப்பது கண்ணுக்குத் தெரிந்தும் தொடர்கிறதா? இவற்றோடு, விட்ட காசைப் பிடிக்கத் திரும்பத் திரும்ப ஆடுவது, தொகையை மறைப்பது, கடன் வாங்கி ஆடுவது. எவ்வளவு தொகை போனது என்பது இதில் இரண்டாவதுதான். தினக்கூலி 500 ரூபாய் வாங்குகிறவருக்கு 200 ரூபாய் பெரிய தொகை. ஏலக்காய் வியாபாரிக்கு அது ஒரு டீச்செலவு.

1998-ஆம் ஆண்டுச் சட்டம் புரிந்துகொண்ட விஷயம்

லாட்டரியை ஒழுங்குபடுத்த 1998-இல் மத்திய அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது. அதன் நிபந்தனைகளை வாசித்தால் ஆச்சரியமாக இருக்கும். ஒரு லாட்டரிக்கு வாரத்தில் ஒரு குலுக்கலுக்கு மேல் கூடாது. வருடத்துக்கு ஆறு பம்பருக்கு மேல் கூடாது. ஒற்றை இலக்கத்தை வைத்துப் பரிசு தரக் கூடாது. கேரளாவில் தினமும் குலுக்கல் நடக்கிறதே என்று கேட்பீர்கள். ஒவ்வொரு கிழமைக்கும் வேறு வேறு பெயரில் ஸ்த்ரீ சக்தி, காருண்யா என்று தனித்தனி லாட்டரிகள் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். ஒவ்வொன்றுக்கும் வாரம் ஒரு குலுக்கல். கணக்குச் சரியாகிவிட்டது!

அந்த நிபந்தனைகள் எல்லாம் ஒரே விஷயத்தைத்தான் குறிவைக்கின்றன. காசு வைப்பதற்கும் முடிவு தெரிவதற்கும் இடையில் நேரம் இருக்க வேண்டும். அந்த இடைவெளியில்தான் மனுஷனுக்குப் புத்தி வருகிறது. பசி எடுக்கிறது, பெண்டாட்டி கூப்பிடுகிறாள், கையில் இருந்த காசு வேறு செலவுக்குப் போய்விடுகிறது, ஆத்திரம் அடங்குகிறது. இடைவெளி சுருங்கச் சுருங்க இவற்றுக்கு இடமில்லாமல் போகிறது.

"விவசாயமே ஒரு சூதாட்டம்தான் சார்" என்று நம் பள்ளத்தாக்கில் சொல்லாத பன்னீர் திராட்சை விவசாயி கிடையாது. மழை அடித்தால் பழம் வெடித்துவிடும், விலை விழுந்தால் கூலி கூட மிஞ்சாது. உண்மைதான். ஆனாலும் கவாத்து பண்ணினதிலிருந்து அறுப்பு வரைக்கும் கிட்டத்தட்ட நாலு மாதம் இருக்கிறது. ஒரு வெள்ளாமை நஷ்டமானால் அடுத்த நிமிடமே இன்னொரு வெள்ளாமை வைத்து அதைப் பிடித்துவிட முடியாது. அதனால்தான் விவசாயத்தில் கடனாளி ஆனவர்கள் இருக்கிறார்கள், ஆனால் நிறுத்த முடியாமல் ராத்திரி ரெண்டு மணிக்குத் தோட்டத்தில் கவாத்து பண்ணுகிறவர் யாரும் இல்லை.

தமிழ்நாட்டின் கதையையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். 1968-இல் தமிழக அரசே பரிசுச் சீட்டு நடத்தியது. கேரள லாட்டரியின் முதல் குலுக்கலும் அதே வருடம், ஜனவரி 26-ஆம் தேதிதான். இங்கே 2003 ஜனவரியில் லாட்டரி முழுவதுமாகத் தடை செய்யப்பட்டது. குமுளியில் போய் சீட்டு வாங்குவது அந்த மாநிலத்தில் சட்டப்படி நடக்கும் விற்பனை. அதே சீட்டை இங்கே கொண்டுவந்து விற்பது குற்றம்.

அதே குலுக்கல், வேறு ஆட்டம்

தேனி மாவட்டத்துக் காவல் நிலையச் செய்திகளில் அடிக்கடி அடிபடும் பெயர் "மூன்று நம்பர் லாட்டரி". இதற்கு அச்சடித்த சீட்டு கிடையாது. வெள்ளைத் தாளிலோ வாட்ஸ்அப்பிலோ எண்ணை எழுதிக்கொடுப்பார்கள். கேரளக் குலுக்கலின் கடைசி எண்கள் ஒத்துப்போனால் காசு. நடத்துவது தனி ஆள். முழுக்க சட்டவிரோதம்.

குலுக்கல் அதே மூணு மணிக் குலுக்கல்தான். ஆனால் ஆட்டத்தின் தன்மை தலைகீழாக மாறிவிடுகிறது. அச்சடித்த சீட்டு கடையில் தீர்ந்துபோகும். இது தீராது. சீட்டுக்கு ரொக்கம் வேண்டும். இங்கே "அண்ணே, நாளைக்குத் தர்றேன்" என்று சொன்னால் கடனுக்கும் எழுதிக்கொள்வார்கள். கேரளக் குலுக்கல் முடிந்துவிட்டதா? கவலையில்லை. வடகிழக்கு மாநில லாட்டரிகளின் ரிசல்ட் மதியம் ஒரு மணி, மாலை ஆறு, இரவு எட்டு என்று வருகிறது, அதற்கும் எழுதலாம். வாரம் ஒரு தடவை என்று சட்டம் போட்ட வேலியை, ஒரு நாளைக்கு நாலு தடவை என்று பிரித்துப்போட்டுவிட்டார்கள். ஒற்றை இலக்கத்துக்குப் பரிசு கூடாது என்று சட்டம் சொன்னதையே தனியாக ஒரு ஆட்டமாக நடத்துகிறார்கள்.

இதில் இன்னொரு பொறி இருக்கிறது. நீங்கள் 427 எழுதினீர்கள், ரிசல்ட் 428 வந்தது என்று வைத்துக்கொள்வோம். "சே, ஒரு நம்பர்ல போச்சே!" என்று மனசு பதறும். அடுத்த நாள் இருமடங்காக எழுதத் தோன்றும். உண்மையில் 428-க்குப் பக்கத்தில் நிற்பதால் 427-க்கு எந்தப் பெருமையும் கிடையாது. 000 முதல் 999 வரை ஆயிரம் எண்கள், அதில் ஒன்று வந்தது, மற்ற 999-ம் ஒரே மாதிரி தோற்றவைதான். 012 எழுதியவரும் நீங்களும் ஒன்று. ஆனால் இந்தக் "கிட்ட வந்து போச்சு" என்ற உணர்வு, தோல்வியாகப் படாமல் பாதி வெற்றியாக மனசில் பதிகிறது என்று உளவியல் ஆய்வுகள் காட்டுகின்றன. வண்டி நம்பர், கனவில் வந்த நம்பர், போன வார சார்ட் என்று தேடிப் போவதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

ஒரு மணி நேரத்தில் ஒரு வருடம்

இப்போது பெஞ்சில் போனோடு உட்கார்ந்திருப்பவரிடம் வருவோம். கலர் கணிக்கும் ஆட்டம், விமானம் மேலே ஏற ஏறப் பெருக்குத்தொகை கூடி, அது பறந்து மறைவதற்குள் காசை எடுக்க வேண்டிய ஆட்டம், சுழலும் சக்கரம், இப்படிப் பல. ஒரு சுற்று 30 விநாடி, ஒரு நிமிடம். டெலிகிராம் லிங்க் வழியாக வந்துகொண்டே இருக்கும். ஒன்றை முடக்கினால் இன்னொரு பெயரில் வரும்.

வாரம் ஒரு லாட்டரிச் சீட்டு வாங்குகிறவர் வருடத்துக்கு 52 முடிவுகளைப் பார்க்கிறார். ஒரு நிமிட ஆட்டத்தில் ஒரு மணி நேரத்தில் 60 முடிவுகள். அதாவது, ஒரு வருட ஆட்டத்தை ஒரு மணி நேரத்துக்குள் ஆடி முடித்துவிட்டு, அடுத்த வருடத்துக்குள் போய்க்கொண்டிருக்கிறார்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். எண்கள் எல்லாம் உதாரணத்துக்குத்தான். வாரம் 50 ரூபாய் சீட்டு, அதில் சராசரியாகப் பாதி திரும்பி வருகிறது என்று வைப்போம். வாரம் 25 ரூபாய் நஷ்டம், வருடத்துக்கு 1,300. போன் ஆட்டத்தில் ஒவ்வொரு 100 ரூபாய்க்கும் நடத்துகிறவர் வெறும் 3 ரூபாய்தான் எடுக்கிறார் என்று தாராளமாக வைப்போம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு மணி நேரத்தில் 60 சுற்று, சுற்றுக்கு 100 ரூபாய் என்றால் 6,000 ரூபாய் உருண்டிருக்கும், அதில் 180 ரூபாய் போயிருக்கும். ஏழெட்டு மணி நேரத்தில் லாட்டரிக்காரரின் ஒரு வருட நஷ்டத்தைத் தொட்டுவிடுவார்.

இது நிதானமாக ஆடுகிறவரின் கணக்கு. யாரும் நிதானமாக ஆடுவதில்லை. தோற்றால் இரட்டிப்பாக வைப்பது என்று ஒரு "டெக்னிக்" சுற்றுகிறது. 100, 200, 400, 800, 1,600, 3,200, 6,400. தொடர்ந்து ஏழு தடவை தோற்றால் போனது 12,700 ரூபாய், ஆன நேரம் ஏழு நிமிடம். நாணயம் சுண்டுவது போல நேர்மையான ஆட்டமாக இருந்தால் கூட ஒரு நாளில் எட்டு மணி நேரம் ஆடுகிறவருக்கு அப்படி ஒரு ஏழு வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். நேர்மையான ஆட்டம் என்பதற்கோ எந்த உத்தரவாதமும் இல்லை. எங்கிருந்து நடத்துகிறார்கள் என்றே தெரியாத ஆப்பில் முடிவை யார் சரிபார்க்கிறார்கள்?

லான்செட் பொதுச் சுகாதார இதழ் நியமித்த சூதாட்டம் குறித்த ஆணையம் 2024 அக்டோபரில் தன் அறிக்கையை வெளியிட்டது. உலகம் முழுவதும் நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், ஆன்லைன் கேசினோ, ஸ்லாட் வகை ஆட்டங்கள் ஆடும் பெரியவர்களில் 15.8 விழுக்காட்டினருக்குச் சூதாட்டக் கோளாறு இருக்கக்கூடும் என்று கணித்தது. விளையாட்டுப் போட்டிகளில் பந்தயம் கட்டுகிறவர்களில் இது 8.9 விழுக்காடு. வளரிளம் பருவத்தினரிடம் இதே எண்கள் 26.4, 16.3. கடைசி எண்ணுக்கு முந்தியதை இன்னொரு தடவை படியுங்கள். அந்த வகை ஆட்டம் ஆடும் நாலு பிள்ளைகளில் ஒருவர்.

கடை இருப்பதாலா, தேடிப் போவதாலா?

இங்கே ஒரு நியாயமான சந்தேகம் வரும். வேக ஆட்டம் ஆளைக் கெடுக்கிறதா, அல்லது ஏற்கனவே கெட்டுப்போனவர் வேக ஆட்டத்தைத் தேடிப் போகிறாரா? மதுக்கடை விஷயத்தில் நாம் காலங்காலமாகப் பேசும் அதே வழக்குதான்.

ஆராய்ச்சியாளர்களும் இதில் முட்டிக்கொண்டிருக்கிறார்கள். பிரிட்டனில் 2007-இல் நடந்த தேசிய சூதாட்டக் கணக்கெடுப்பின் விவரங்களை அமெரிக்க ஆய்வாளர்கள் சிலர் திரும்ப அலசினார்கள். முதல் பார்வையில் இணைய சூதாட்டம் போன்ற சில வகைகள் கோளாறோடு பலமாகச் சேர்ந்து நின்றன. ஆனால் ஒருவர் மொத்தம் எத்தனை வகை ஆட்டம் ஆடுகிறார் என்பதையும் கணக்கில் சேர்த்ததும், அந்தத் தொடர்புகளில் பெரும்பாலானவை பலவீனமாகிவிட்டன, சில காணாமலே போயின. அதாவது, ஆபத்தில் இருப்பவரைக் காட்டிக்கொடுக்கும் அடையாளம் ஒரு குறிப்பிட்ட ஆட்டத்தின் பெயர் மட்டும் இல்லை. எத்தனை வகையில் கை வைத்திருக்கிறார் என்பதும்தான்.

என் பார்வையில் ரெண்டு பக்கமும் உண்மை இருக்கிறது, குடும்பங்களுக்கு ரெண்டுமே பயன்படும். ஒரு உதாரணம் சொல்கிறேன், முழுக்கக் கற்பனை. கம்பத்தில் ஜீப் ஓட்டுகிறவர் ஒருவர். விடியக்காலையில் பெண்களை ஏற்றிக்கொண்டு கம்பம்மெட்டு வழியாக ஏலத்தோட்டத்துக்குப் போவார். சாயங்காலம் திரும்ப ஏற்ற வேண்டும். நடுவில் முழுநாளும் வண்டியில் சும்மா காத்திருப்பு. முதலில் மேலேயே கிடைக்கும் லாட்டரிச் சீட்டு, வாரம் ரெண்டு. பிறகு மற்ற டிரைவர்களோடு வெட்டுச்சீட்டு. அங்கே பழக்கமான ஒருவர் மூலமாக மூணு நம்பர். ஐ.பி.எல். சீசனில் போனில் பந்தயம். அதற்காக ஏற்கனவே ஏற்றிவைத்த யூ.பி.ஐ., ஏற்கனவே சேர்ந்த டெலிகிராம் குரூப், அதிலேயே கலர் ஆட்டத்தின் லிங்க்.

வீட்டில் அந்த அக்கா ஒரு நாள் கேட்கிறார்: "ஏங்க, ரம்மி கிம்மி ஆடுறீங்களா?" அவர் சத்தியம் பண்ணுகிறார், "ரம்மியைத் தொட்டதே இல்ல." அது உண்மை! ரம்மி மட்டும்தான் அவர் ஆடவில்லை. இன்னொரு நாள் அவரே வருத்தப்பட்டு மூணு நம்பரை விட்டுவிடுகிறார். வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் அந்தக் காசு மத்த நாலில் ஒன்றுக்குப் போகிறது. ஆறு மாதம் கழித்து மகளிர் குழுக் கடன் தவணை கட்ட வைத்திருந்த பணம் இல்லை.

அதனால் உங்கள் வீட்டில் கேட்க வேண்டிய கேள்வி "அதை ஆடுறியா?" என்பது இல்லை. "காசு வச்சு என்னென்ன ஆடுற, ஒவ்வொன்னா சொல்லு" என்று கேளுங்கள். சண்டை இல்லாமல், பிள்ளைகள் முன்னால் இல்லாமல், சம்பள நாளன்று இல்லாமல். பட்டியல் ரெண்டைத் தாண்டினால் கவனம் தேவை. பட்டியலில் நிமிடக் கணக்கில் முடிவு வரும் ஆட்டம் ஒன்று இருந்தால், அது ஒன்றே ஆனாலும் கவனம் தேவை. ஆடும் காசு கூலியிலிருந்து வராமல் கடனிலிருந்து வந்தால், இனி யோசிக்க நேரமில்லை.

திறமை என்ற சமாதானம்

"இது லக் இல்லண்ணே, ஸ்கில்" என்று சொல்கிறவர்களை எல்லோரும் பார்த்திருப்போம். சட்டத்தில் இந்த வழக்கு பழசு. சென்னை கிண்டி குதிரைப் பந்தயம் திறமை விளையாட்டு என்று 1996-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ரம்மிக்கும் அப்படிப் பழைய தீர்ப்பு உண்டு. தமிழ்நாட்டில் 2021-இல் கொண்டுவந்த ஆன்லைன் ஆட்டத் தடையை சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. பிறகு ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு குழுவின் அறிக்கை, 2022 அக்டோபரில் அவசரச் சட்டம், 2023 ஏப்ரலில் ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டத்துக்கு ஒப்புதல். அதே ஆண்டு நவம்பரில் உயர் நீதிமன்றம் சட்டத்தை ஏற்றது, ஆனால் ரம்மியையும் போக்கரையும் தடைப் பட்டியலில் வைக்க முடியாது என்றது.

திறமையா அதிர்ஷ்டமா என்பது நீதிமன்றத்துக்கு முக்கியமான கேள்வி. ஆடுகிறவரின் மூளைக்கு அது அவ்வளவு முக்கியமில்லை. சொல்லப்போனால் திறமை என்ற நம்பிக்கை இன்னும் கெடுதல். லாட்டரியில் தோற்றவர் "நம்ம ராசி" என்று விட்டுவிடுவார். ரம்மியில் தோற்றவர் "கவனமா ஆடியிருந்தா ஜெயிச்சிருப்பேன்" என்று இன்னொரு டேபிள் திறப்பார். நேரில் நாலு பேர் உட்கார்ந்து ஆடினால் சீட்டைக் கலைக்க, போட, வம்பு பேச நேரம் ஆகும், யாருக்காவது வீட்டிலிருந்து ஆள் வரும். போனில் அந்தச் சடங்கு எதுவும் இல்லை.

2025 பிப்ரவரியில் தமிழ்நாடு ஆன்லைன் விளையாட்டு ஆணையம் வெளியிட்ட விதிமுறைகள் இதைச் சரியாகப் பிடித்தன. பணம் வைத்து ஆடும் ஆட்டங்களில் 18 வயதுக்குக் கீழே அனுமதி இல்லை. நள்ளிரவு 12 முதல் காலை 5 மணி வரை உள்ளே நுழைய முடியாது. ஒரு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து ஆடினால் எச்சரிக்கைச் செய்தி திரையில் வந்துகொண்டே இருக்க வேண்டும். சட்டம் ஆட்டத்தின் பெயரை விட்டுவிட்டு நேரத்தைப் பிடித்தது. ஜூன் மாதம் சென்னை உயர் நீதிமன்றமும் இந்த விதிகளை ஏற்றது.

அதன் பிறகு 2025 ஆகஸ்ட் 22-இல் ஒப்புதல் பெற்ற மத்திய சட்டம், பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் திறமை, அதிர்ஷ்டம் என்ற பேதமே பார்க்காமல் தடை செய்தது. நடத்துகிறவர்களுக்கு 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம். விளம்பரம் செய்கிறவர்களுக்கு 2 ஆண்டு, 50 லட்சம் வரை. இந்த மத்திய சட்டத்தில் ஆடுகிறவருக்குத் தண்டனை இல்லை. மாநிலச் சட்டத்தில் ஆன்லைன் சூதாட்டம் ஆடுகிறவருக்கு 3 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் உண்டு என்பதையும் மறக்க வேண்டாம். பெரிய நிறுவனங்கள் பண ஆட்டங்களை நிறுத்திவிட்டன. லிங்க்கில் வருகிற திருட்டு ஆப்கள் நிற்கவில்லை.

போனிலேயே செய்யக்கூடியவை

பணம் போகும் பாதை போன் என்றால், அடைக்கவும் போனிலேயே முடியும். பல வங்கிகளின் ஆப்பில் யூ.பி.ஐ. தினசரி வரம்பைக் குறைக்கலாம். இல்லாவிட்டால் கிளையில் எழுதிக் கொடுக்கலாம். சம்பளம் வரும் கணக்கை யூ.பி.ஐ.-யிலிருந்து பிரித்துவிட்டு, சிறு தொகை மட்டும் இருக்கும் இன்னொரு கணக்கை இணைப்பது எளிய வழி. டெலிகிராம் குரூப்பிலிருந்து வெளியேறுவது முக்கியம். ஆப்பை அழித்துவிட்டு குரூப்பில் இருந்தால் நாளைக்கே அடுத்த லிங்க் வந்து நிற்கும். கடன் தரும் ஆப்களை அதே கையோடு நீக்குங்கள். ராத்திரி ரெண்டு மணிக்குக் கேட்டவுடன் 5,000 ரூபாய் தருகிற எதுவும் ஆட்டத்தின் கூட்டாளிதான்.

ஏமாற்றப்பட்டிருந்தால் 1930 என்ற எண்ணுக்கு உடனே அழைக்கலாம், அல்லது சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்தில் புகார் பதியலாம். பணம் அனுப்பிய நேரம், தொகை, 12 இலக்கப் பரிவர்த்தனை எண், ஸ்கிரீன்ஷாட் இவற்றைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். முதல் சில மணி நேரத்தில் அழைத்தால்தான் பணத்தை வழியில் நிறுத்த வாய்ப்பு அதிகம். "வாட்ஸ்அப்பில் கேரள லாட்டரி, பரிசு விழுந்திருக்கு, வரி கட்டுங்க" என்று வரும் செய்திக்கும் இதே எண்தான். கேரள லாட்டரித் துறை காகிதச் சீட்டு மட்டுமே விற்கிறது, ஆன்லைனில் விற்பதே இல்லை. கந்துவட்டிக்காரர் வாசலில் நின்றால், 2003-ஆம் ஆண்டு கந்துவட்டித் தடைச் சட்டத்தின் கீழ் காவல் நிலையத்திலோ மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலோ புகார் கொடுக்கலாம். வழக்கறிஞர் வைக்க வசதி இல்லாவிட்டால் இலவச சட்ட உதவிக்கு 15100.

ஆட்டத்தை விட முடியாமல் தவிப்பவருக்கு 14416, டெலி மானஸ். 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். இது மருத்துவ உதவி எண், போலீஸ் எண் இல்லை. பெயர் சொல்லத் தயங்குகிறவர்கள் கூடப் பேசலாம். குடும்பத்தினரும் பேசலாம். "எல்லாம் முடிஞ்சு போச்சு, இருந்து என்ன" என்ற மாதிரி ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வந்தால், கடன் கணக்கைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அவரைத் தனியாக விடாமல் பக்கத்தில் உட்கார்ந்து 14416 அல்லது 104 எண்ணுக்கு உடனே அழையுங்கள்.

நேரில் போக வேண்டுமென்றால் க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். புறநோயாளிச் சீட்டு போடும் இடத்தில் "மனநல டாக்டரைப் பார்க்கணும்" என்று சொன்னால் போதும், காரணத்தை வரிசையில் நின்று எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டியதில்லை. சிகிச்சையில் பெரும்பகுதி பேச்சுதான். எந்த நேரத்தில், எந்த மனநிலையில் கை போனுக்குப் போகிறது என்று கண்டுபிடித்து மாற்றுவது. கூடவே மனச்சோர்வோ குடிப்பழக்கமோ இருந்தால் அதற்கும் சேர்த்துப் பார்ப்பார்கள். முதல் நாள் போகும்போது, காசு வைத்து ஆடிய எல்லா ஆட்டத்தையும், கடைசி மூணு மாத வங்கிக் கணக்கு விவரத்தையும் ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். ரம்மி இல்லையென்றால் ரம்மி இல்லை என்றே எழுதலாம். மத்த நாலையும் எழுதினால் சரி.